ஊவாத் தோட்டங்களில் எஞ்சின் ஒயில்: குறுந்தூர ஓட்டத்தின் வரலாறு

1869 முதல் பரவிய இலைத்துரு நோயால் கோப்பி அழிந்து தேயிலைக்கு மாறிய இலங்கையின் ஊவாவில், விளைந்ததைத் துறைமுகத்தில் சேர்ப்பதே நெடுங்காலம் பெரும்பாடாக இருந்தது. ரயில் பாதை 1893இல் அப்புத்தளையையும் 1894இல் பண்டாரவளையையும் எட்டியபோதிலும், பதுளைக்கு வந்துசேர 1924 ஆயிற்று. அதற்குள் மாட்டுவண்டிகள் ஏறிய மலைப்பாதைகளில் காரும் லொறியும் புகுந்துவிட்டன. அவற்றோடு எஞ்சின் ஒயிலை எப்போது மாற்றுவது என்ற கேள்வியும் வந்தது.

தோட்டத்தில் இருவகை எஞ்சின்கள் அருகருகே உழைத்தன. ஸ்டோர் எனப்படும் தேயிலைத் தொழிற்சாலையில் இருந்த எஞ்சின், வாடிய கொழுந்தை அரைக்கும் ரோலர்களையும் உலர்த்தும் பொறிகளையும் வார்ப்பட்டைகளின் வழியே சுழற்றியபடி, ஒருமுறை முடுக்கப்பட்டால் பல மணி நேரம் ஒரே சூட்டில் ஓடியது; அதன் பராமரிப்பு ஓடிய மணிக்கணக்கில் அமைந்தது. தோட்டத்தை நடத்தும் துரையின் காரோ பங்களாவிலிருந்து, தொழிலாளர் வேலைக்குக் கூடும் பிரட்டுக்களத்துக்கும், அங்கிருந்து ஸ்டோருக்கும், பிறகு ஏதேனும் ஒரு டிவிஷனுக்கும் ஓரிரு மைல் ஓடி நின்று, ஆறி, மறுபடி முடுக்கப்பட்டது. ஆயினும் அதன் ஒயிலுக்கு மைல் கணக்கே விதியாயிற்று.

அந்த விதி குறுந்தூர ஓட்டத்துக்கு ஏன் பொருந்தாது என்பது எஞ்சினுக்குள் நிகழ்வதை நோக்கினால் விளங்கும். ஒரு லீற்றர் பெற்றோல் எரியும்போது ஏறத்தாழ ஒரு லீற்றர் நீர் ஆவியாக உண்டாகிறது; எஞ்சின் நன்கு சூடேறியிருந்தால் அது புகைக்குழாய் வழியே போய்விடும், உள்ளே கசிந்த சிறு பங்கும் ஆவியாகவே வெளியேறும். கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,400 மீற்றர் உயரத்திலுள்ள அப்புத்தளையின் விடியற்குளிரில், காற்றைக் குறைத்துப் பெற்றோலைக் கூட்டும் சோக்கை இழுத்து முடுக்கிய காரிலோ, ஆவியும் எரியாத பெற்றோலும் பிஸ்டன் வளையங்களைக் கடந்து, ஒயில் தேங்கும் அடித்தொட்டியான சம்ப்பில் இறங்கித் தங்கிவிடும். பெற்றோல் ஒயிலை நீர்க்கச் செய்கிறது. நீரோ எரிபொருளின் கந்தகக் கழிவோடு சேர்ந்து அமிலமாகி உலோகத்தை அரிக்கிறது. ஒயில் ஊற்றும் மூடியின் உட்புறத்தில் படியும் வெண்மஞ்சள் குழம்பும், அளவுகோலை உருவினால் வீசும் பெற்றோல் வாடையும் இதற்குச் சான்றுகள். கியரில் போட்டு, அக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து இறக்கத்தில் வரும் கார் ஏறிய சூட்டையும் இழந்துவிடும் என்பதால், மலைநாட்டில் சிக்கல் இரட்டிப்பாகிறது.

வடிகட்டியும் அழுக்கைத் தாங்கும் கூட்டுப்பொருள்களும் இல்லாத தொடக்ககாலக் கார்களுக்கு 500 முதல் 1,000 மைலுக்கு ஒருமுறை ஒயில் மாற்றுவது வழக்கம். 1923இல் அமெரிக்காவில் ஒயில் வடிகட்டி வந்தது. பிந்திய பத்தாண்டுகளில் கூட்டுப்பொருள்களும், குளிரிலும் சூட்டிலும் ஒத்தியங்கும் பல்தர ஒயிலும் வரவே, இடைவெளி 3,000 மைலாகவும் அதற்கு மேலும் நீண்டது. தோட்டத்துக் காருக்கு இந்த நீட்டிப்பு நன்மையாக அமைந்தது என்று சொல்வதற்கில்லை: நாளொன்றுக்கு ஐந்து மைல் ஓடும் வண்டி 3,000 மைலை எட்ட இருபது மாதங்கள் ஆகும், அத்தனை காலமும் நீரும் அமிலமும் சம்ப்பிலேயே கிடக்கும்.

1960களின் தொடக்கத்தில் கார் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்ட பின், மொரிஸ் மைனரும் ஒஸ்ரினும் பல பத்தாண்டுகள் உழைக்க வேண்டியதாயிற்று. உதிரிப்பாகம் கிடைப்பது அரிதாகிவிட்ட சூழலில், எஞ்சினைப் பிரித்து வேலை செய்வதைவிட ஒயிலை முன்கூட்டியே மாற்றுவது மலிவு. வடித்த கரிய ஒயிலை வேலிக்கட்டைகளுக்குக் கறையான் அண்டாதபடி பூசுவதும் உண்டு; ஓடைகள் நிறைந்த மலைச்சரிவில் அது நல்ல பழக்கமன்று.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டதால், பழைய நிலைமை திரும்பியது. 2022 நெருக்கடியில் காருக்கு வாரம் 20 லீற்றர் என்ற கியூஆர் பங்கீடு ஓட்டத்தை இன்னும் சுருக்கியது. இடையிடையே எஞ்சின் தானே அணையும் ஹைபிரிட் கார்களிலும் ஒயில் எளிதில் சூடேறுவதில்லை. ஆகவே பதுளை நகருக்குள்ளும் தோட்டத்துக்குள்ளும் மட்டும் ஓடும் காருக்கு, கையேட்டில் கடுமையான பயன்பாட்டுக்கெனக் குறித்துள்ள குறுகிய இடைவெளியே உரியது. அப்படி ஒன்று குறிக்கப்படாவிடில், மீற்றர் எதைக் காட்டினாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒயிலை மாற்றுவதே தகும்.