ஒரே கல்லூரி, 57 ஆண்டுகள்

நம்மில் பலர் 58 வயதில் மாலை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தவர்கள். எடி ராபின்சன் ஓய்வு பெற்றது 78 வயதில்.

தீவன ஆலையில் கூலி வேலை பார்த்தவர், 1941-ல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் கிராம்ப்ளிங் என்ற கறுப்பினத்தவர் கல்லூரியில் பயிற்சியாளராகச் சேர்ந்தார். ஆட்டம், முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்து. நிறவெறிக் காலம் அது. வெளியூர் போனால் வழியில் எந்த உணவகத்திலும் பையன்களை உட்கார விடமாட்டார்கள். சாண்ட்விச் கட்டிக்கொண்டு போவார்கள். ஆனாலும் அடுத்த ஆண்டே 9 ஆட்டங்களிலும் வெற்றி. எதிரணிகளுக்கு ஒரு புள்ளிகூட விட்டுக்கொடுக்கவில்லை.

களத்தில் ஆட்டத்தை நடத்துபவர் குவார்ட்டர்பேக். அந்த இடத்துக்குக் கறுப்பருக்கு மூளை போதாது என்று தொழில்முறை அணிகளில் பலரும் நினைத்தார்கள். ராபின்சனின் மாணவர் டக் வில்லியம்ஸ், 1988-ல் அந்த இடத்தில் ஆடியே வாஷிங்டன் அணிக்கு சூப்பர் பவுல் கோப்பையை வாங்கித் தந்தார்.

கடைசி மூன்று ஆண்டுகளில் தோல்விகளே அதிகம். பெரியவர் விலகட்டும் என்று கல்லூரியிலேயே குரல் எழுந்தது. 1997-ல் விலகினார். அப்போது அவர் கணக்கில் 408 வெற்றிகள்.

அவருக்குப் பின் அந்தப் பொறுப்புக்கு வந்தவர் யார் தெரியுமா? அதே டக் வில்லியம்ஸ்தான். ஒரு வாத்தியாருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?