தனுஷ்கோடி

தனுஷ்கோடி, இராமநாதபுரம் மாவட்டத்தில் பாம்பன் தீவின் தென்கிழக்கு நுனியில், இரு கடல்களுக்கு நடுவே ஒடுங்கி நீளும் மணல்திட்டில் இருந்த துறைமுக ஊர். 1964 டிசம்பர் புயலில் அழிந்தது. வடக்கேயுள்ள கடலைத் தீவு மக்கள் பெண் கடல் என்பார்கள். தெற்கே சீறும் மன்னார் வளைகுடா ஆண் கடல்.

சேதுவில் நீராட வருவோர் பல நூற்றாண்டுகளாக வந்துபோன இடம்தான் இது. ஊராக வளர்த்தது ரயில். திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னிந்திய ரயில்வே 1914 பிப்ரவரி 24 அன்று பாம்பன் பாலத்தைத் திறந்தது. அதன்பின் எழும்பூரில் போட் மெயில் ஏறியவர் திருச்சி வழியாகத் தனுஷ்கோடியில் இறங்கி, நீராவிக் கப்பலில் சுமார் 35 கிலோமீட்டர் கடந்து, தலைமன்னாரில் கொழும்பு ரயிலைப் பிடிக்க முடிந்தது. சுங்க அலுவலகம், தபால் நிலையம், பள்ளி, மாதா கோயில் எல்லாம் அந்தப் போக்குவரத்தை நம்பியே எழுந்தன.

1964 டிசம்பர் 22 நள்ளிரவை ஒட்டி, பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயில் ஊரை நெருங்கும்போது கடல் அதன்மேல் ஏறியது. நூறுக்கும் மேற்பட்ட பயணிகளில் ஒருவரும் பிழைக்கவில்லை. புயலில் மாண்டோர் சுமார் 1,800 பேர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. ரயிலில் சீட்டில்லாமல் ஏறியவர்களையும் யாத்ரீகர்களையும் யார் எண்ணியிருக்க முடியும்? சிதைந்த பாம்பன் பாலத்தை இ. ஸ்ரீதரன் தலைமையிலான குழு 46 நாளில் சீராக்கியது. தனுஷ்கோடிக்கான தண்டவாளம் மட்டும் திரும்பவில்லை. குடியிருக்கத் தகாத இடம் என்று அரசு அறிவித்தது. கப்பல் இராமேஸ்வரத்துக்கு மாறி, இலங்கைப் போர்க்காலத்தில் அதுவும் நின்றது.

கைவிடப்பட்ட ஊர் என்ற பெயர் பாதிதான் பொருந்தும். போனவை ரயிலும் அலுவலகங்களும். மீனவர்கள் திரும்பி வந்து ஓலைக் குடிசை போட்டார்கள். கரைவலை இழுக்கிறார்கள், மணலில் ஊற்றுத் தோண்டி நல்ல தண்ணீர் எடுக்கிறார்கள். படமெடுக்க வருவோருக்கு இவர்கள் இடைஞ்சல். கூரையற்ற மாதா கோயிலைச் சட்டகத்துக்குள் வைக்கும்போது, பக்கத்திலேயே இருக்கும் சங்குக் கடையும் மீன் வறுக்கும் அடுப்பும் வெளியே தள்ளப்படுகின்றன. பார்த்துச் சலித்த அந்தப் படத்தைவிட, கடையோடு சேர்த்து எடுத்த படமே ஊரைச் சரியாகக் காட்டும்.

முன்பு முகுந்தராயர் சத்திரத்தோடு சாலை முடிந்தது. அப்பால் ஈர மணலில் குலுங்கும் வேன்தான். 2017-இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்தபின் கூட்டம் பெருகியது. பவளப்பாறைக் கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பிய சுவர்களை உப்புக்காற்று அரித்துவருகிறது. ஏறி நின்று படமெடுக்கும் கால்களும் அவற்றுக்குச் சுமை.

தனுஷ்கோடிக்கு மீண்டும் ரயில் விட 2019-இல் அடிக்கல் நாட்டப்பட்டும் பாதை அமையவில்லை. மாறாக, 2025-இல் தமிழ்நாடு அரசு இங்கே பூநாரைச் சரணாலயம் அறிவித்தது. குளிர்காலத்தில் நீண்ட லென்ஸோடு வருவோரில் பலர் இப்போது மாதா கோயிலில் நிற்பதே இல்லை. நேரே சதுப்புப் பக்கம் போய்விடுகிறார்கள்.