பிரசவத்தின் பின்னான முதல் நாட்கள்: தாயையும் கவனியுங்கள்

பிள்ளை பிறந்ததும் எல்லோருடைய கண்ணும் பிள்ளையில்தான். பிரசவ விடுதியில் தாதியாகப் பணிபுரியும் நான் தாயையும் விட்டு விலகுவதில்லை. முதல் 24 மணித்தியாலங்களே அவளுக்கு மிகவும் ஆபத்தானவை.

நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம், உதிரப்போக்கு ஆகியவற்றை அடிக்கடி பார்ப்போம். வயிற்றைத் தடவி, கருப்பை பந்துபோல இறுகியிருக்கிறதா எனப் பார்ப்போம். அது தளர்ந்தால் இரத்தம் பெருகும். சலப்பை நிரம்பியிருந்தாலும் கருப்பை இறுகாது. அதனால்தான் சலம் கழிக்கச் சொல்லி வற்புறுத்துகிறோம். முதல் மணித்தியாலத்துக்குள் பாலூட்டுவதும் கருப்பை இறுக உதவும்.

வீடு சென்றபின் ஒரு மணித்தியாலத்துக்குள் ஒரு பாட் முழுதாக நனைதல், காய்ச்சல், உதிரத்தில் துர்நாற்றம், கடும் தலையிடி, பார்வை மங்கல், ஒரு காலில் மட்டும் வீக்கமும் நோவும், மூச்சுமுட்டல் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் இரவென்று பாராது வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். பத்தியக்கறி கொடுங்கள், தண்ணீரைக் குறைக்காதீர்கள்.

எங்கள் பகுதியில் பலருக்குப் பிள்ளைப்பெறு பார்க்கத் தாய் இல்லை, யுத்தம் கொண்டுபோய்விட்டது. காணாமல் போன அண்ணனின் பெயரைப் பிள்ளைக்கு வைத்துவிட்டு அழுத தாயைக் கண்டிருக்கிறேன். முதல் இரு வாரங்களில் வரும் அழுகை பலருக்கும் இயல்பு. அதற்கு மேலும் நீடித்தால், பிள்ளை உறங்கியும் தாய்க்கு நித்திரை வராவிட்டால், வீட்டுக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். 1926 என்ற தேசிய மனநல இலக்கத்துக்கும் அழைக்கலாம். சாக வேண்டும் என்று அவள் சொன்னால் ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம்.

துடக்கு என்று சொல்லி அவளைத் தனியறையில் விட்டுவிடாதீர்கள்.