கண்ணாடி ஊரின் சோலார் பேனல்

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் உள்ள டொலீடோ, கண்ணாடிக்குப் பேர்போன ஊர். 1888இல் எட்வர்ட் லிபி தன் கண்ணாடித் தொழிற்சாலையை அங்கே கொண்டுவந்தார். வாயால் ஊதிச் செய்த பாட்டில்களை எந்திரத்தில் செய்ய வழிகண்ட மைக்கேல் ஓவன்ஸும் அங்கேதான் உழைத்தார்.

அந்த மண்ணில் தொழில் செய்தவர் ஹரால்ட் மக்மாஸ்டர். கண்ணாடியைச் சூடேற்றி, சட்டென்று குளிரவைத்து உறுதியாக்கும் எந்திரங்களை விற்றுப் பெரும்பொருள் ஈட்டினார். 1984இல், ஓய்வெடுக்க வேண்டிய வயதில், அவர் கவனம் சூரிய மின்சாரத்தின் பக்கம் திரும்பியது.

அன்று பரவலாக இருந்த சோலார் பேனல்கள் சிலிக்கான் படிகத்தை வில்லை வில்லையாக அறுத்துச் செய்யப்பட்டவை. மக்மாஸ்டருக்கு அந்த வழி உவப்பாக இல்லை. கண்ணாடியின்மேல் மெல்லிய படலத்தைப் பூசிவிட்டால் போதுமே என்பது அவர் கணக்கு. முதலில் படிக ஒழுங்கற்ற சிலிக்கானை முயன்றார், அது கைகூடவில்லை. 1990இல் புதிய நிறுவனம் தொடங்கி, காட்மியம் டெல்லூரைடுக்கு மாறினார்.

இந்தச் சேர்மத்தில் சூரிய மின்கலம் செய்யலாம் என்பதை ஜெர்மனியில் போனே, ராபன்ஹோர்ஸ்ட் இருவரும் 1972இலேயே காட்டியிருந்தனர். அவர்களின் கலம் வெயிலில் 6 சதவீதத்தை மின்சாரமாக்கியது. குறைந்த அழுத்தத்தில் சூடேற்றினால் இந்தச் சேர்மம் உருகாமலே ஆவியாகும். ஆவியில் பிரிந்துபோகும் காட்மியமும் டெல்லூரியமும் சூடான கண்ணாடியைத் தொட்டதும் சரிக்குச் சரியாக மீண்டும் இணையும். சில மைக்ரான் கனமே வெயிலை உறிஞ்சப் போதும்.

கண்ணாடியும் ஏறத்தாழ 600 டிகிரி சூட்டில் இருந்தாக வேண்டும். அந்தச் சூட்டில் கண்ணாடி இளகத் தொடங்கும். அதை வளையாமல், விரிசல் விடாமல் உருளைகளின்மேல் ஓட்டிச் செல்வது கண்ணாடித் தொழிலாளிகளின் கைவந்த கலை. ஆய்வகத்தில் விரல்நகம் அளவில் நின்ற கலம் பெரிய தகடாக வளர்ந்ததில் பாதிப் பெருமை அவர்களுக்கே உரியது.

1999இல் வால்டன் குடும்பத்தின் முதலீட்டோடு நிறுவனம் 'ஃபர்ஸ்ட் சோலார்' ஆனது. காட்மியம் டெல்லூரைடு பொடியை வாயு ஓட்டத்தில் ஏற்றி, ஆவியாக்கி, ஓடும் கண்ணாடிமேல் படியவைக்கும் முறை அங்கே பக்குவப்பட்டது. 2008 இறுதியில் தயாரிப்புச் செலவு வாட்டுக்கு 98 சென்டாக இறங்கியது. 2003இல் காலமான மக்மாஸ்டர் அதைப் பார்க்கவில்லை.

காட்மியம் நச்சு உலோகம் என்பதால், பழைய பேனல்களைத் திரும்பப் பெற்று உலோகங்களைப் பிரித்தெடுக்கும் ஏற்பாட்டையும் நிறுவனம் 2005இல் தொடங்கியது.

ஸ்ரீபெரும்புதூரை அடுத்த பிள்ளைப்பாக்கத்தில் இதே நிறுவனத்தின் ஆலை 2024 ஜனவரியில் திறக்கப்பட்டது. அதன் ஆண்டுத் திறன் 3.3 ஜிகாவாட். ஒரு முனையில் நுழையும் வெறும் கண்ணாடி, சுமார் நான்கு மணி நேரத்தில் மறுமுனையில் பேனலாக வெளிவருகிறது.