இல்லத்துக்கு எழுந்தருளிய கருணைத் தெய்வம்

கோயிலுக்குச் சென்று ஒரு தெய்வத் திருவுருவத்தை வழிபடுவது ஒன்று. அதனை நமது இல்லத்துக்கு எழுந்தருளச் செய்து, நாள்தோறும் அதன் முன்னிலையில் உண்டு உறங்கி வாழ்வது மற்றொன்று. முன்னதில் நாம் தெய்வத்தின் விருந்தினர். பின்னதில் தெய்வம் நமது விருந்தினர். இவ்வேறுபாட்டின் பொருள் யாதென்பதைப் பௌத்தர்களின் கருணைத் தெய்வமாகிய அவலோகிதரின் வரலாற்றைக் கொண்டு சிறிது ஆராய்வோம்.

அவலோகிதர் நமக்குப் புதியவர் அல்லர். 11ஆம் நூற்றாண்டிலே புத்தமித்திரனார் இயற்றிய வீரசோழியம், அகத்தியர் தமிழ் கேட்டது இவரிடத்தே என்று கூறும். 7ஆம் நூற்றாண்டிலே இந்தியாவுக்கு வந்த சீன யாத்திரிகர் யுவான் சுவாங், இவர் உறையும் போதலக மலையைத் தென்னாட்டு மலய மலையோடு சேர்த்துப் பேசுகின்றார். அது நமது பொதியிலே என்பது ஆராய்ச்சியாளர் சிலரின் கொள்கை. கண்டி மாநகரில் நாத தேவாலயத்திலே வழிபடப்பெறும் நாதரும் இவரே என்பர்.

சீனத்திலே இவருக்குக் குவான்யின் என்று பெயர். உலகின் ஓலத்தைக் கேட்பவர் என்பது அதன் கருத்து. குமாரசீவர் என்னும் துறவி 406ஆம் ஆண்டிலே சத்தர்ம புண்டரீக சூத்திரத்தைச் சீன மொழியிற் பெயர்த்தார். தீயிலும் வெள்ளத்திலும் கள்வர் கையிலும் அரச தண்டனையிலும் அகப்பட்டோர் இவர் பெயரை அழைத்தால் மீட்சி பெறுவர் என்று அந்நூலின் 25ஆம் அதிகாரம் உரைக்கின்றது. அழைப்போரின் தேவைக்கேற்ப ஆணாகவும் பெண்ணாகவும் இவர் தோன்றுவார் என்றும் அது கூறும். இவரை அழைப்பதற்குக் குருவும் வேண்டா, கோயிலும் வேண்டா. ஆதலால் கையிலே கொண்டு செல்லத்தக்க சிறு படிமங்கள் பெருகின. அத்தகைய படிமத்தைக் கொண்டைக்குள் முடிந்து வைத்திருந்தவனைக் கொலைவாள் தீண்டாதொழிந்தது என்பது போன்ற கதைகள் பழைய சீனத் தொகுப்புக்களிலே உள.

இந்தியாவிலிருந்து சென்றபோது இவர் ஆண் வடிவினர். 10ஆம் நூற்றாண்டின் பின்னர், சுங் வம்சத்தார் காலந்தொட்டு, சீன மக்கள் இவரைப் பெண்ணாகக் கண்டு வணங்கத் தலைப்பட்டனர். தன்னைத் துன்புறுத்திய தந்தையின் நோய் தீரும்பொருட்டுத் தன் கண்களையும் கைகளையும் ஈந்த மியாவ்சான் என்னும் இளவரசியே குவான்யின் என்ற கதை 1100ஆம் ஆண்டளவிலே கல்லிற் பொறிக்கப்பட்டது. 17ஆம் நூற்றாண்டில் பூக்கியன் மாகாணத்துத் தெகுவா நகரத்தார், பால்போல் வெண்மையான பீங்கானிலே குவான்யின் உருவங்களை வீட்டு வழிபாட்டுக்கென ஏராளமாகச் செய்தனர். மடியிலே குழவியை ஏந்திய தாயின் உருவமும் அவற்றுள் ஒன்று.

புதிய உருவத்தை வீட்டுக்குக் கொணர்வோர் துறவி ஒருவரைக் கொண்டு கண் திறக்கும் சடங்கினை நடத்துவிப்பர். சைவாலயங்களில் நயனோன்மீலனம் என்றும், சிங்கள விகாரைகளில் நேத்திர மங்கல்யம் என்றும் நாம் அறிந்திருப்பது போன்றதே அது. பின்னர் உயர்ந்ததும் தூயதுமான ஓரிடத்தில் உருவத்தை இருத்தி, நீரும் பூவும் கனியும் வைத்துத் தூபமிடுவர். சந்திர மாதக் கணக்கில் 2ஆம், 6ஆம், 9ஆம் மாதங்களின் 19ஆம் நாட்கள் இத்தெய்வத்துக்குரியன. அந்நாட்களில் ஊன் தவிர்ப்போர் பலர். கண் திறந்தபின், அவ்வீட்டில் நடப்பவற்றைக் காண ஒருவர் இருக்கின்றார் என்பதே இச்சடங்கின் உட்பொருள்.

இப்பீங்கான் உருவங்களுட் சில கடல் கடந்து யப்பானின் நாகசாக்கிப் பகுதியை அடைந்தன. அங்கே 1549ஆம் ஆண்டு பிரான்சிசு சவேரியார் தொடக்கிய கிறித்தவ சமயம், 1614இல் நாடெங்கும் தடைசெய்யப்பட்டது. கிறித்துவின் அல்லது மரியாளின் உருவத்தைக் காலால் மிதிக்குமாறு அதிகாரிகள் மக்களைக் கட்டாயப்படுத்தினர். ஒவ்வொரு குடும்பமும் ஒரு பௌத்த ஆலயத்திலே பதிவுபெற வேண்டியதாயிற்று. ஒல்லாந்தர் ஆட்சியிலே யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர் மறைந்து வழிபட்ட வரலாற்றை அறிந்த நமக்கு அம்மக்களின் இடர் எளிதில் விளங்கும்.

அவர்கள் சிலுவையை வீட்டில் வைத்தல் இயலாது. ஆனால் கன்னோன் என்று யப்பானியர் அழைக்கும் இக்கருணைத் தெய்வத்தின் உருவத்தை வைத்தால் ஐயுறுவார் இலர். ஆகவே குழவியை ஏந்திய குவான்யினை வீட்டில் இருத்தி, அதனையே மரியன்னையாகக் கொண்டு, தந்தையிடமிருந்து மகன் வாய்மொழியாகக் கற்ற செபங்களை மெல்லிய குரலிலே ஓதினர். குருமார் இன்றியே ஏறத்தாழ ஏழு தலைமுறைகள் இவ்வாறு கழிந்தன. 1856ஆம் ஆண்டளவிலே உறக்காமி என்னும் ஊரிலே பலர் பிடிபட்டபோது இத்தகைய உருவங்கள் பறிமுதலாயின. அவை இன்று தோக்கியோ தேசிய நூதனசாலையில் உள்ளன. 1865இல் நாகசாக்கியின் புதிய தேவாலயத்துக்கு வந்த சிலர், தாமும் அதே சமயத்தினரே எனப் பிரெஞ்சுக் குருவானவரிடம் வெளிப்படுத்தினர். அதன்பின்னும் 3,000க்கு மேற்பட்ட உறக்காமி மக்கள் நாடுகடத்தப்பட்டனர். 1873ஆம் ஆண்டிலேதான் தடைப் பலகைகள் அகற்றப்பட்டன.

இங்கே நாம் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. ஒரே ஊரில் வனைந்த ஒரேவகை உருவம் ஒரு வீட்டிலே பௌத்த தெய்வமாகவும், மற்றொரு வீட்டிலே மரியாளாகவும் விளங்கிற்று. பீங்கானை எவ்வளவு உற்று நோக்கினாலும் எது எது என்று கூறல் அரிது. அவ்வுருவத்துக்குப் பொருள் தந்தவர்கள் அதனை வரவேற்ற வீட்டாரே. ஒரு சாரார் அதனைத் தம் உயிருக்கு நேர்ந்த ஆபத்தையும் பொருட்படுத்தாது காத்தனர்.

இக்காலத்தில் இத்தகைய உருவங்கள் கடைகளில் எளிதிற் கிடைக்கின்றன. வரவேற்பறைக்கு அழகு என்றே பலர் வாங்குகின்றனர். அதனை நாம் குறைகூற வேண்டுவதில்லை. ஆயினும், உலகின் ஓலத்தைக் கேட்பவர் என்று பெயர் பெற்ற ஒருவரை விருந்தினராக ஏற்ற வீட்டிலே, அயலாரின் துயரக் குரல் கேளாமல் போகுமாயின் அந்த வரவேற்பு நிறைவு பெறாது. கையில் வேறொன்றும் இல்லாத உறக்காமி உழவர்கள், மூடிய கதவுக்குப் பின்னே, மெல்லிய குரலில் பேசினாலும் தம்மைக் கேட்பவர் ஒருவர் உளர் என்று நம்பியே வாழ்ந்தனர்.