ஜூன் மாதத்துப் பிள்ளைகள்

எங்கள் பள்ளியின் பழைய சேர்க்கைப் பதிவேட்டைப் புரட்டினால் பக்கம் பக்கமாக ஜூன் மாதப் பிறந்தநாள்தான். "பையன் எப்பம்மா பொறந்தான்?" என்றால், "பெருமழை பெஞ்ச வருசம், ஆடி கழிஞ்சு" என்பார்கள் தாய்மார்கள். வலக்கை தலைக்கு மேலாகப் போய் இடக்காதைத் தொட்டால் வயது ஐந்து. பள்ளி திறக்கும் ஜூனில் ஐந்து நிறைந்ததாகத் தலைமையாசிரியர் ஒரு தேதி போட்டுவிடுவார். நாடு முழுமைக்குமான பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டமே 1969-இல்தான் வந்தது. யாரும் ஏமாற்ற நினைக்கவில்லை.

அந்தத் தேதிதான் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் ஏறும், பிறகு வேலைவாய்ப்பு அலுவலகம், பணிப்பதிவேடு, ஓய்வு நாள் வரை போகும். பள்ளி எழுத்தராக நான் கண்டவரை, பிள்ளைகள் வேலை உத்தரவு வந்த பிறகே ஜாதகத்தைத் தேடி எடுத்துக்கொண்டு ஓடிவருவார்கள். சேருமுன் சொல்லிவிட வேண்டும் என்ற அந்தப் பதைப்பு எனக்குப் பிடிக்கும். ஆனால் பள்ளியில் அடித்துத் திருத்த முடியாது. கல்வி அலுவலகம், முன்சீப் கோர்ட் என்று அலைய வேண்டும்.

வேலையில் சேர்ந்து ஐந்தாண்டுக்குள் மட்டுமே பிறந்த தேதியைத் திருத்த விண்ணப்பிக்கலாம் என்றது தமிழக அரசின் 49-ஆம் பணி விதி. 1994-இல் உச்ச நீதிமன்றமும் அந்தக் கெடுவை ஏற்றது. ஓய்வு நெருங்கும்போது வயதைக் குறைக்க வருபவர்களைத் தடுக்க அது தேவைதான்.

ஆனால் ஆசிரியர் வேலைக்குப் போகவிருந்த ஒரு பெண், திருத்தினால் தனக்கு ஓராண்டு சர்வீஸ் குறையும் என்று தெரிந்தே மனு எழுதித் தரச் சொன்னார். நான் எழுதிய மனுக்களில் அதுதான் நல்ல மனு.