கணக்கேட்டில் கட்டுண்ட கரை

அட்லாண்டிக் அலைகள் ஓயாது மோதும் நியூபவுண்ட்லாந்துத் தீவிலே, பாறை இடுக்குதோறும் ஒரு மீனவர் சிற்றூர். அந்நாளில் சாலை கிடையாது, குளிர்காலத்தில் கடலும் உறைந்து வழியடைக்கும். மன்னர்களின் படையெடுப்புகளை மாணவர்க்கு ஒப்பிக்கச் சொல்லித் தரும் நாம், இவ்வூர்களின் வரலாற்றை என்றேனும் கற்பித்தோமா?

ஆண்கள் காட் மீனைப் பிடித்து வருவர். பெண்களும் பிள்ளைகளும் உப்பேறிய மீனை மரக்கழிப் பரண்களில் பரப்புவர். மழை தூறினால் ஓடிக் குவித்து மூடுவர். வெயில் கண்டால் மீண்டும் விரிப்பர். நல்ல கருவாடு ஸ்பெயினுக்கும் போர்த்துகலுக்கும் போயிற்று. மட்டமானது மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புத் தோட்ட அடிமைகளுக்கு! அதை உலர்த்தி அனுப்பியவன் மட்டும் உரிமை பெற்றவனா?

வசந்தம் பிறந்ததும் வணிகன் மாவும் உப்பும் வலையும் கடனாகத் தருவான். விலை, அவன் வைத்தது. இலையுதிர் காலத்தில் கருவாடு முழுவதும் அவனிடமே சேர வேண்டும். அதற்கும் விலை, அவன் வைத்ததே! தரம் பிரிப்பவனும் அவன் ஆள். கூட்டிக் கழித்தால் மிஞ்சுவது கடன். 'டிரக்' முறை என்று இதற்குப் பெயர். காசைக் கண்ணால் காணாமலே ஆண்டுகள் பல கழித்த குடும்பங்கள் உண்டு. மீன் பொய்த்தால் வணிகனும் நொடித்தான், மறுக்கவில்லை. ஆனால் பட்டினி முதலில் நுழைந்தது யார் வீட்டிலே?

1908 நவம்பரில் ஹெரிங் நெக் என்னும் ஊரிலே வில்லியம் கோக்கர் பேசினார். சேர்ந்தவர் 19 பேர். மீனவர் பாதுகாப்புச் சங்கம் பிறந்தது! சில ஆண்டுகளில் உறுப்பினர் 20,000-ஐ எட்டினர். சங்கக் கடைகள் எழுந்தன. சங்கத்துக்கென ஏடு வந்தது. 1913 தேர்தலில் 9 இடங்களில் நின்று 8-இல் வென்றது. பின்னர் போர்ட் யூனியன் என்ற நகரையே கட்டியது: மின்நிலையம், அச்சகம், தொழிலாளர் வீடுகள்!

மதபீடம் வாளாவிருக்குமா? உறுப்பினர் எடுத்த உறுதிமொழியைச் சுட்டி, இது இரகசியச் சங்கமென்று 1909-இல் கத்தோலிக்கப் பேராயர் ஹவ்லி கண்டித்தார். உறுதிமொழி திருத்தப்பட்டது. ஆயினும் கத்தோலிக்கர் மிகுந்த கரைகளில் சங்கம் வேரூன்றவில்லை. ஒரே கடலில் உழன்று, ஒரே கடனில் மூழ்கியவர்கள், வழிபாட்டால் பிரிந்து நின்றனர்!

கோக்கரும் பிழை செய்தார். முதல் உலகப் போரின்போது கட்டாயப் படைச்சேர்ப்பை ஆதரித்தார். மீனவர் மனம் கசந்தது. 1920-இல் அமைச்சராக அவர் கொணர்ந்த ஏற்றுமதி விலைக் கட்டுப்பாடு, வணிகர் எதிர்ப்பால் மறு ஆண்டே மடிந்தது.

பின்பு இழுவைக் கப்பல்கள் வந்தன. காட் மீனே அருகிப் போயிற்று. 1992 ஜூலையில் கனடா அரசு மீன்பிடிப்பைத் தடுத்தது. ஏறத்தாழ 30,000 பேர் வேலையிழந்தனர். 2024-இல் தடை நீங்கிற்று. அளவு, 18,000 டன். அதிலே பெருங்கப்பல்களுக்கும் பங்கு ஒதுக்கினர். கரையோர மீனவர் சங்கம் உடனே எதிர்ப்புக் குரல் எழுப்பிற்று.